தின்னாத பலாச்சுளை

ஆனி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் அப்பா வீட்டில் பலா வாசனையைத் தவிர வேறு வாசனைக்கு இடமில்லை. கச்சிராயபாளையத்தில் அப்பா மலைச் சரக்கு மண்டி வைத்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து புளி, கடுக்காய், தேன், பலா என்று அந்தந்தப் பருவத்தில் எது இறங்குகிறதோ அதை வாங்கிக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்புவார். முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. மழை வந்துவிட்டால் பலாவெல்லாம் வீட்டுக்குள் குடியேறிவிடும். கட்டிலுக்கு அடியில் பலா, சாமி படத்துக்குக் கீழே பலா. என் பள்ளிக்கூட நோட்டில்கூட அந்த வாசனை அடிக்கிறது என்று கூடப் படித்தவர்கள் மூக்கைப் பிடித்துக் கேலி செய்வார்கள்.

அந்த வீட்டுக்குத்தான், சர்க்கரை நோயோடும் ஏழு மாத வயிற்றோடும் நான் வந்து சேர்ந்தேன்.

அது எனக்கு இரண்டாவது வயிறு. முதல் பிள்ளை புகுந்த வீட்டில், ரிஷிவந்தியம் பக்கத்தில் இருந்தபோது வயிற்றிலேயே போய்விட்டது. அப்போது என் வயிற்றின் அளவைப் பார்த்து எல்லோரும் பூரித்துப் போனார்கள். புள்ள கொழுகொழுன்னு வளருது என்றார்கள். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் அசைவு நின்றது. அதற்கப்புறம்தான் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை என்றார்கள். சிலருக்குக் கர்ப்பத்தோடு வந்து பிரசவத்தோடு போய்விடுமாம். என்னுடையது போகவில்லை. பிள்ளையை எனக்குக் காட்டவில்லை. அம்மா மட்டும் பார்த்தாள். நான் கேட்டுக்கேட்டு அரித்த பிறகு, "நெறைய முடி இருந்துதுடி" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகவே இரண்டாவது உண்டானதும் அம்மா ஒரே பிடியாக நின்றாள். வளையல் போட்ட கையோடு என்னை அழைத்து வந்துவிட்டாள். "எங்கண்ணு முன்னாடி கெடக்கட்டும்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவரும் சரியென்றார். அம்மாவிடம் சரியென்று சொல்லாமல் தப்பித்தவர்கள் யாரும் கிடையாது.

வந்த அன்றே வீட்டுக்குள் இருந்த பலாவையெல்லாம் பின்னாலிருந்த பழைய மாட்டுக் கொட்டாய்க்கு மாற்றினாள். மாடு விற்று வருடங்களாயிருந்தன. கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவிக்கு அவள் இடுப்பு. அன்றன்றைக்கு வண்டி ஏறுகிற பழம் மட்டும் மண்டி முன்னால் கிடக்கும். வீட்டில் குளிர்பெட்டி கிடையாது. இன்சுலின் குப்பிகளைத் தூக்குச் சட்டியில் போட்டு, ஈர மணல் நிரப்பிய புதுப் பானைக்குள் இறக்கி வைத்தாள். அந்தப் பானைக்குத் தினமும் அவளே தண்ணீர் தெளித்தாள். பூசை சாமானைக்கூட அவள் அவ்வளவு கவனமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சுற்றிலும் பலா, நடுவில் கேழ்வரகுக் களியும் கீரையும் நானும். ஜெயிலில்கூட ஞாயிற்றுக்கிழமை கறி போடுவார்கள் என்று சொல்லிக் காட்டினேன். "ஜெயில்லேந்து புள்ளையோட வெளிய வா, அப்பால பேசு" என்றாள்.

ஒரு நாள் காலை ஊசி போட்டுக்கொண்டுவிட்டேன். களி கிண்டத் தாமதமாகிவிட்டது. உட்கார்ந்திருந்தபடியே உடம்பெல்லாம் வியர்த்து, கை உதறி, வாய் குழறியது. அம்மா சர்க்கரை டப்பாவை அப்படியே கவிழ்த்து என் வாயில் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். ஆனால் அவள் தெளியவில்லை. சூடு கண்ட பூனை ஆகிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: சோறு உள்ளே போவது நிச்சயம் என்றால்தான் ஊசி வெளியே வரும்.

ஊசி எழுதிக் கொடுத்த கள்ளக்குறிச்சி டாக்டரம்மா எங்களிடம் சொன்னது, ஊசி போட்டால் சாப்பிடாமல் இருக்காதே என்பது. நாங்கள் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம். சாப்பிடாவிட்டால் ஊசி போடாதே. கேட்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாப்பிட்டால்தானே சர்க்கரை ஏறும், ஏறினால்தானே இறக்க ஊசி? இதில் தப்பு கண்டுபிடிக்க எந்தக் கணக்கு வாத்தியாராலும் முடியாது.

பிறகு எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. கூடவே லேசான காய்ச்சல், அதற்குப் பின்னால் வாந்தி. அம்மா எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தாள். கடுப்பு உடம்புச் சூடு. வாந்தி, சில பேருக்குப் பிரசவம்வரை இருக்கும் மசக்கை. தாகம், வெயில். மூச்சு வாங்கியது, "வயிறு மேல ஏறிக்கினு வருதில்ல, வாங்கத்தான் செய்யும்." ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. குடித்த கஞ்சி வெளியே வந்துவிட்டது. கஞ்சி நிற்கவில்லை, ஆகவே ஊசி இல்லை. மறுநாளும் அப்படியே. தூக்குச் சட்டி பானைக்குள்ளேயே குளிர்ந்துகொண்டு கிடந்தது.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். காலையில் மண்டி வாசலில் வேன் கிளம்பும்போது வயிற்றுக்குள் ஓர் உதை விழும். வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்த வேன்காரர் கிளப்புகிற சத்தத்துக்குச் செத்தவரே எழுந்துவிடுவார், பிள்ளை எழுந்ததில் ஆச்சரியமில்லை. வாந்தி தொடங்கிய மறுநாள் உதை மெல்ல விழுந்தது. அதற்கு மறுநாள், உதையா என் நினைப்பா என்று சொல்ல முடியாதபடி ஏதோ ஒன்று புரண்டது. நான் இடது பக்கம் படுத்தேன். வலது பக்கம் படுத்தேன். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பை வயிற்றில் வைத்துப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். முதல் பிள்ளையும் இப்படித்தான், சத்தம் போடாமல் போயிற்று.

அதற்கு அடுத்த நாள் காலை, வேன் கிளம்புவதற்கு முன்னால், அம்மா ஈரத்துணியால் என் முகத்தைத் துடைக்கக் குனிந்தாள். துடைத்த கை அப்படியே நின்றது.

"இன்னாடி தின்ன?"

"இன்னா தின்னேன்? வாந்தி எடுத்துக்கினு கெடக்குறேன்."

"வாய தொற."

திறந்தேன். மோந்து பார்த்தாள். எழுந்து பின்பக்கம் போனாள். கொட்டாய்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"ஒரு பழம் பொளந்து கெடக்குது. பாதி சுளய காணம். பின்னால தட்டி பிரிஞ்சிகினு கெடக்குது. அது வழியாதான பூந்த?"

"இந்த வயித்த வச்சிக்கினு நான் தட்டியில பூந்தேனா? உனக்கு இன்னா பைத்தியமா?"

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காத. வாயெல்லாம் பழ வாசன அடிக்குது. அதான் வாந்தி, அதான் மூச்சு. நான் இங்க பானைக்குத் தண்ணி தெளிச்சிக்கினு கெடக்குறேன், நீ பலாவத் துன்னுட்டு படுத்துக்கினு கெடக்குற. ஒண்ண முழுங்குனது போதலியாடி உனக்கு?"

இந்தக் கடைசி வார்த்தையை அவள் சொன்னாள். ஒரு தாய் மகளிடம் சொல்லக் கூடாத வார்த்தை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வேறு நாளாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். எங்கள் இருவருக்கும் வாய் நீளம், தெருவே சாட்சி. ஆனால் அன்று கத்துவதற்கு என்னிடம் மூச்சு இல்லை. பக்கத்திலிருந்த தம்ளரைத் தூக்கி எறிந்தேன். அது பாதி தூரம்கூடப் போகவில்லை.

"இன்னிக்கி பூரா பச்சத் தண்ணிதான்" என்றாள் அம்மா. "கஞ்சியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. துன்னது தானா எறங்கட்டும்." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, நீயாவது சொல்லேன், ஒரு தடவை உதையேன் என்று கெஞ்சினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்தார். உள் நிலைப்படியில் நின்றுகொண்டு, மேல் துண்டால் வாயைத் துடைத்தபடி சொன்னார்.

"அந்தப் பழத்த துன்னது நான்தான். பாப்பாவ ஏன் திட்டுற?"

அம்மா மூக்கைச் சிந்தினாள். "வேலிக்கு ஓணான் சாட்சி. பொண்ணுக்கு அப்பன் சாட்சி."

"நம்பலன்னா வாய மோந்து பாரு."

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். என் அம்மா எழுந்து போய், வளர்ந்த மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல், அப்பாவின் தாடையைப் பிடித்து வாயை மோந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். என் வாயை மோந்தாள். மறுபடியும் அப்பாவிடம் போனாள், மறுபடி என்னிடம். பலா பழுத்திருக்கிறதா இல்லையா என்று முப்பது வருடமாக மோந்து பார்த்தே சொல்கிறவள். அவள் முகத்திலிருந்த கோபம் இறங்குவதை நான் பார்த்தேன். கோபம் இருந்த இடத்தில் வேறொன்று வந்தது. கோபமே தேவலை என்றிருந்தது எனக்கு.

"ஏங்க, இது பலா இல்லீங்க."

"பின்ன?"

"மூட்டைக்கு அடியில வெம்பிப் போன பழம் மாதிரி இருக்குது. சாராய நெடி கலந்த மாதிரி. இது வெளியேந்து போனது இல்லீங்க, உள்ளேந்து வர்றது." பிறகு என் நெஞ்சைக் காட்டினாள். "மூச்ச பாருங்க. படுத்துக்கினுதான் கெடக்குறா, ஓடி வந்தவ மாதிரி வாங்குது. ஏங்க, வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

வேனில் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டிய பழம் ஏற்றியிருந்தார்கள். பலாவைக் கீழே வைக்கும்போது சத்தம் கேட்டால்கூட ஆளைத் திட்டுகிறவர் எங்கள் அப்பா. அன்று அவரே மேலே ஏறி, பழங்களைத் தெருவில் தள்ளினார். அவை உருண்டு வெடித்தன. என்னைத் தூக்கிப் பின்னால் பாயில் படுக்க வைத்து, அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வேன் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு வயிற்றில் ஒன்றும் விழவில்லை.

"அசையுதாடி?"

"அசையுது" என்றேன்.

அவள் தன் கையை என் வயிற்றில் வைத்து அழுத்திப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. கரும்புத் தோட்டங்கள் முடிந்து ரோடு அகலமாகிறவரை, மலை பின்னால் சின்னதாகிக்கொண்டே வருவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. அம்மா கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். தூங்கினால் அடிப்பேன் என்றாள். அடிக்கவும் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். எவ்வளவு என்று கேட்டேன். அதைவிடப் பெரிய எண்களையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அட, இவ்வளவுதானா என்று ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. டாக்டரம்மா அறைக்குள் வரும்போதே கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா, அவ வாய மோந்து பாருங்கம்மா. என் பொண்ணு வாய மோந்து பாருங்கம்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குனிந்து என் மூச்சை மோந்தார். நிமிரும்போதே நர்சிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். சிறுநீர் எடுக்கச் சொன்னார், இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார், இன்சுலின் என்றார். எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"வேணாம்மா, நான் சாப்புடல. சாப்புடாம ஊசி போடக் கூடாது."

"எத்தனை நாளா போடல?"

சொன்னேன். டாக்டரம்மா என் நெற்றியில் கை வைத்தார். "சாப்பிடலனாலும் ஊசி வேணும்மா. காய்ச்சல் வந்தா, வாந்தி வந்தா, எங்கிட்ட ஓடி வரணும். நீயா நிறுத்தக் கூடாது." அம்மா சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

நடந்தது என்ன என்று பிற்பாடு விளக்கினார். இன்சுலின் இல்லாத உடம்பால் சர்க்கரையை எடுத்து எரிக்க முடியாது. ரத்தத்தில் அது இருந்தும் இல்லாத மாதிரி. ஆகவே கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அந்தப் புகைச்சலில் ரத்தம் அமிலமாகிப் புளிக்கிறது. பழ வாசனையாக மூச்சில் வருவது அதுதான். மூச்சு வாங்குவதும் அந்தப் புளிப்பை வெளியே தள்ளத்தான். மற்றவர்களுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிய பிறகு வருவது, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொஞ்சம் ஏறினாலே வந்துவிடுமாம். சீக்கிரமும் வந்துவிடுமாம். தாய் தாங்கினாலும் உள்ளே இருப்பது தாங்காது. அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் இதெல்லாம் அப்புறம். அப்போது அவர் என் வயிற்றில் கருவியை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. இடம் மாற்றினார். மறுபடி கரகர. எனக்கு இந்தச் சத்தம் தெரியும். ரிஷிவந்தியத்திலிருந்து போன தடவை கொண்டுபோனபோதும் இந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன், அதற்கு அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமியைக் கூப்பிடுகிறாளா, என்னைத் திட்டுகிறாளா என்று தெரியவில்லை. அடி வயிற்றின் ஒரு ஓரத்தில் கருவி நின்றது. மிக வேகமாக, மிக மெல்லியதாக ஒரு துடிப்பு கேட்டது.

"இருக்குது" என்றார் டாக்டரம்மா. "ஆனா சோர்ந்து போயிருக்குது. தாயச் சரி பண்ணாதான் புள்ள சரியாவும். பாப்போம்."

பாப்போம் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைய பொழுதை ஓட்டினோம். என் வீட்டுக்காரர் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். அப்பா வராந்தாவில் நின்றார். துடிப்பைக் கேட்க நர்ஸ் வரும்போதெல்லாம் எல்லோர் மூச்சும் நின்றது. மறுநாள், வாந்தி அடங்கி நான் முதல் வாய்க் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, விலாவுக்குக் கீழே சுளீரென்று ஓர் உதை விழுந்தது. கஞ்சி என் மேலெல்லாம் கொட்டியது. அம்மா துடைக்க வரவில்லை. ஓடிப்போய் வராந்தாவில் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

என் மகள் நாள் நிறைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆபரேஷன் செய்து பிறந்தாள். பிறந்த உடனே அவளுக்குச் சர்க்கரை இறங்கி, பச்சிளம் பிள்ளைகள் அறையில் வைத்திருந்து தேற்றிக் கொடுத்தார்கள். அதுவும் பெரிய பயம்தான். ஆனால் அது முன்பே சொல்லி வைத்திருந்த பயம், தாங்க முடிந்தது. பிரசவம்வரை அம்மா தினமும் காலையில் என் முன்னால் வந்து நின்று, "ஊது" என்பாள். போலீஸ்காரர் குடிகாரனை நிறுத்தி வைத்து ஊதச் சொல்வது போல. ஊதுவேன். மோந்து பார்த்துவிட்டுப் போவாள். அன்று சொன்ன வார்த்தைக்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்த ஊதுதான் மன்னிப்பு என்று நானே வைத்துக்கொண்டேன்.

சில வருடம் கழித்து ஓர் ஆனி மாதம். மண்டியில் அப்பா பலா பிளந்து, எண்ணெய் தடவிய விரலால் சுளை எடுத்து என் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரே ஒரு சுளை தந்தார். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அன்னிக்கி நான் துன்னல பாப்பா."

"இன்னாப்பா?"

"கொட்டாய்ல இருந்த பழத்த. உங்கம்மா கத்துனது மண்டி வரைக்கும் கேட்டுது. சரி, வயித்துப் புள்ளக்காரி, ஆசப்பட்டு துன்னுட்ட, அதுக்குப் போயி பட்டினி போடுறாளேன்னு இருந்துது. வண்டியில ஏத்த வச்சிருந்ததுல ஒண்ண பொளந்து நாலு சுள வாயில போட்டுக்கினு உள்ள வந்தேன்."

கொட்டாயில் சுளையைத் தின்றது மரநாயா, எலியா, யார் கண்டார்கள். இத்தனை வருடமும், அந்த வீட்டில் என்னை நம்பியவர் அப்பா ஒருவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் நம்பவில்லை. நம்பியிருந்தால் அவர் பலா தின்றிருக்க மாட்டார். எம்பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல என்று அம்மாவிடம் சண்டைக்கு நின்றிருப்பார், அம்மா கேட்டிருக்க மாட்டாள், இரண்டு வாயையும் யாரும் மோந்து பார்த்திருக்க மாட்டார்கள். பொழுது சாயும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்திருப்பேன். எனக்குக் கோபம் வந்தது. உடனே அழுகையும் வந்தது. இந்த மனிதர் என்னைத் திருடி என்று நினைத்ததால்தான் அந்தச் சின்ன வாய் இப்போது சுளை மென்றுகொண்டிருக்கிறது. இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"நான் துன்னலப்பா" என்றேன்.

அப்பா கத்தியைத் துணியில் துடைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நெசமாவே துன்னலியா?"

"இல்லப்பா."

"சரி, போவுது விடு" என்று தலையாட்டினார். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. என் மகள் அடுத்த சுளைக்குக் கையை நீட்டினாள்.